முப்பத்தொரு மணி நேரம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
4.2.2001

மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. தன் மகன் தேவேந்திரன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கப்பல் தண்ணீருக்கு அடியில் போகும் என்பது அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. நானும் சொல்லப் போவதில்லை. அந்தப் பயம் இந்த வீட்டில் உங்களைக் கட்டிக்கொண்ட எனக்கு ஒருத்திக்குத்தான் என்பதை நீங்கள் அவ்வப்போது நினைத்துக்கொண்டால் போதும்.

பொங்கல் லீவில் கொண்டுவந்த நீர்மூழ்கி விளையாட்டு சி.டி.யை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இது சப்மரைன் இல்ல இளா, தண்ணிக்குள்ள ஓடற மோட்டார் பைக்கு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர், ஜெர்மன் நீர்மூழ்கி, 1942 என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறான். உள்ளே பார்த்தால் நாள் முழுக்க முழு வேகத்தில் தண்ணீருக்குள் ஓடுகிறது. சுட்ட டார்பிடோ எல்லாம் வெடிக்கிறது. போரின் முதல் வருடத்தில் பாதி வெடிக்கவே இல்லை என்று ஜெர்மன்காரர்களே புலம்பி எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதனால் அதைத் திறந்துவிட்டேன். சி.டி.க்குள் ஒரு ஃபைல் முழுக்க வரிசை வரிசையாக எண்கள். தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் எங்கெங்கே துளை குத்த வேண்டும் என்று டிசைன் போட்டுப் பிழைக்கிறவளுக்கு அதைப் பார்த்தால் என்ன பயம்? ஒவ்வொரு எண்ணாக மாற்றி, எது எதை ஆட்டுகிறது என்று குறித்துக்கொண்டு வருகிறேன். டிசைன் கடை முதலாளி மாணிக்கவாசகம் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரை விட்டுக்கொடுக்கிறார். காந்தி ரோடு பிரவுசிங் சென்டரில் ஓர் இணையதளம் கண்டுபிடித்தேன். என்னைப் போல இந்த விளையாட்டைத் திருத்துகிறவர்கள் அங்கே கூடுகிறார்கள். ஒரு ஜெர்மன் பெரியவர் பழைய புத்தகப் பக்கங்களை எனக்காக ஸ்கேன் செய்து அனுப்புகிறார்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றே ஒன்று வேண்டும். சரக்குக் கப்பல் தண்ணீருக்குள் எப்படிக் கேட்கும்? இதில் எல்லாக் கப்பலுக்கும் ஒரே சத்தம்தான். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பவர் நீங்கள்தானே, சொல்லுங்கள்.

இளவரசி


விசாகப்பட்டினம்
21.2.2001

இளவரசிக்கு,

முதலில் ஒன்று. எங்கள் கப்பலைப் பற்றி எதுவும் கேட்காதே. கேட்டாலும் சொல்ல மாட்டேன். இவ்வளவு ஆழம், இவ்வளவு வேகம், இவ்வளவு நேரம் என்று எதுவும் இந்தக் கடிதத்தில் வராது. உலகத்துக்கே தெரிந்த சங்கதியாக இருந்தால் சொல்கிறேன்.

சரக்குக் கப்பல் சத்தம் அப்படிப்பட்டது. கடலோரத்தில் எந்த மீனவனைக் கேட்டாலும் சொல்வான். கனமாக, நிதானமாக, அடித்து அடித்து வரும். கையில் வாட்ச் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ண வேண்டும். தறியில் உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு அது தானாக வருகிறது. இங்கே மற்றவர்கள் நாலு தடவை எண்ணுவதை நான் ஒரே தடவையில் சொல்லிவிடுகிறேன். போர்க் கப்பல் அப்படி இல்லை. மெல்லிய சத்தம், வேகமான சத்தம். அது கிட்டே வரும்போது காதில் கேட்பதற்கு முன்னால் பல்லில் தெரியும்.

பயிற்சியில்தான் என்றாலும், தலைக்கு மேலே ஒரு கப்பல் கடந்து போகும்போது உள்ளே இருக்கும் அத்தனை பேரும் என் முகத்தையே பார்ப்பார்கள். அவர்களுக்கு எதுவும் கேட்காது, எனக்கு மட்டும்தான் கேட்கும். அதனால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் என் பெரிய வேலை. உன்னிடம் சொல்வதற்கு என்ன, சில சமயம் உள்ளங்கை வேர்த்துப் பென்சில் வழுக்கும்.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

தேவேந்திரன்


காஞ்சிபுரம்
7.3.2001

மாமாவுக்கு,

சத்தம் தயார். சரக்குக் கப்பல் எதுவென்று நினைக்கிறீர்கள்? நம் வீட்டு மாவு கிரைண்டர்தான். கடையிலிருந்து மைக்கை வாங்கி வந்து, அத்தை உளுந்து போட்டிருக்கும்போது பதிவு செய்து, வேகத்தை நாலில் ஒரு பங்காக்கினேன். "மாவுல ஒயரை உட்டுக்கினு இன்னாமா பண்றே" என்று அத்தை திட்டினார்கள். இணையதளத்தில் எல்லோரும் எந்தத் துறைமுகத்தில் பதிவு செய்தாய் என்று கேட்கிறார்கள்.

சிரிப்பு அதோடு சரி. போன வாரம் பேட்டரிக் கணக்கைத் திருத்தினேன். மணிக்கு நாலு கடல் மைல் வேகத்தில் மெதுவாகப் போனால் இருபது மணி நேரம், அதற்கு மேல் தாங்காது என்று ஜெர்மன் புத்தகம் சொல்கிறது. அப்படியே போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். மேலே ஒரு போர்க் கப்பல் வந்து நின்றுகொண்டது. குண்டு போடவில்லை, எதுவும் செய்யவில்லை, சும்மா நின்றது. அவனுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தால் போதும் என்று தெரிந்திருக்கிறது. பழைய விளையாட்டில் ஓடித் தப்பித்திருப்பேன். இப்போது நானே போட்ட கணக்கு என்னை விடவில்லை. விளையாட்டுக் கணக்கில் பதினெட்டாம் மணியில் முள் சிவப்புக்கு வந்தது. பத்தொன்பதில் மேலே வந்தேன். வந்ததும் சுட்டுவிட்டான். "நாற்பத்து நாலு பேர் இறந்தனர்" என்று திரையில் ஒரு வரி வந்தது.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். திரும்பி வந்து உட்கார முடியவில்லை. கணக்கு தப்பாக இருந்தவரைக்கும் அது விளையாட்டு. சரியானதும் உள்ளே நீங்கள் இருக்கிறீர்கள்.

கேட்காதே என்று சொன்னீர்கள். தெரியும். ஆனாலும் கேட்கிறேன். உங்களுக்கும் இருபது மணி நேரம்தானா? எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. சோறு இறங்கவில்லை.

இளவரசி


விசாகப்பட்டினம்
20.3.2001

இளா,

நேற்றுத்தான் கரைக்கு வந்தேன். உன் கடிதம் பத்து நாளாக எனக்காகக் காத்திருந்திருக்கிறது.

சொல்லக் கூடாது. ஆனால் முகம் கழுவிக்கொண்டேன், சோறு இறங்கவில்லை என்று நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. அது அறுபது வருடத்துக்கு முந்தைய டப்பா. எங்களுடையது அதே வேகத்தில் முப்பத்தொரு மணி நேரம் தாங்கும். உன் ஜெர்மன்காரனைவிடப் பதினோரு மணி நேரம் கூடுதல். போதுமா? இனி நிம்மதியாகச் சாப்பிடு.

இதை உனக்காகச் சொன்னேன், விளையாட்டுக்காக இல்லை. இனிமேல் கேட்காதே, உண்மையாகவே சொல்ல மாட்டேன்.

தேவேந்திரன்


காஞ்சிபுரம்
13.5.2001

மாமாவுக்கு,

ஏப்ரல் கடைசியில் என் திருத்தத்தை இணையதளத்தில் ஏற்றினேன். நூற்றுப்பதினேழு எண்கள் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று தனியாக ஒரு பட்டியலும் சேர்த்திருக்கிறேன். இதுவரை வந்ததிலேயே இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அந்த ஜெர்மன் பெரியவரே எழுதினார். நீங்கள் சொன்ன முப்பத்தொன்றை நான் தொடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அது 2001, என்னுடையது 1942.

கூடவே நன்றி என்று ஒரு சின்ன ஃபைல். எல்லோரும் அப்படிப் போடுவது வழக்கம். அதில் உங்கள் பெயரைப் போட்டேன். கல்யாணமாகி மூன்று வருடத்தில் உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அத்தைதான் சொல்வார்கள். அன்றைக்கு முழுப் பெயரையும் இன்ஷியலோடு டைப் அடித்து, பக்கத்தில் உங்கள் வேலையையும் கப்பலின் பெயரையும் போட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

இப்போது ஒரு விஷயம். மூன்று நாளைக்கு முன்னால் எவனோ ஒருவன் மெயில் அனுப்பியிருக்கிறான். எந்த நாடு என்று போடவில்லை. முதல் வரியில் பாராட்டு. இரண்டாவது வரியில், உங்கள் கணவரின் கப்பலில் பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்று கேட்கிறான். நேற்று மறுபடியும் அதே கேள்வி. நான் பதில் போடவில்லை. என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

இளவரசி


விசாகப்பட்டினம்
24.5.2001

இளவரசிக்கு,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்.

கப்பலின் பெயர், என் பெயர், என் வேலை. மூன்றையும் ஒரே வரியில் உலகம் முழுக்க ஒட்டியிருக்கிறாய். எங்களுக்கு வீட்டுக் கதவில் கப்பலின் பெயரை எழுதக்கூட அனுமதி கிடையாது. உன் மேல் கை ஓங்கத் தெரியாதவன் நான், ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் குத்திவிட்டேன். விரல் வீங்கியிருக்கிறது.

அந்த ஆளுக்குப் பதில் போடாதே. இன்றைக்கே அந்த ஃபைலை எடுக்கச் சொல். உன் திருத்தம் முழுவதையும் எடுக்கச் சொல். போன் வேண்டாம். பக்கத்து வீட்டு நம்பருக்கு நானும் கூப்பிட மாட்டேன். இங்கே யாருக்காவது தெரிந்துவிட்டதா என்று எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் கால் நின்றுவிடுகிறது.

இன்னும் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. அதைத் தபாலில் எழுத முடியாது. இப்போதெல்லாம் உறையை யார் பிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஜூலை கடைசியில் லீவில் வந்ததும் நானே செய்கிறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் இரு.

தேவேந்திரன்


காஞ்சிபுரம்
2.7.2001

மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி எடுத்தாயிற்று. ஆனால் அதற்குள் நானூற்றுச் சொச்சம் பேர் இறக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களிடம் போய் நான் எதைப் பிடுங்குவது?

இன்று காலை கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை. ஒருவர் தமிழ் பேசினார், இன்னொருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். என் நன்றி ஃபைலைத் தாளில் அடித்துக் கையில் வைத்திருந்தார்கள். உங்கள் பெயருக்குக் கீழே கோடு. என் ஃப்ளாப்பி எல்லாவற்றையும், ஜெர்மன் புத்தக நகல்களையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மணி நேரம் கேட்டதையே கேட்டார்கள்.

தமிழ் பேசியவர் என் பட்டியலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீயே பண்ணேன்னா யாருமா நம்புவாங்க? ஊட்டுக்காரரு சொல்லிக் குடுத்தாரு, நீ டைப் அட்ச்சே. அத்தானே?" என்றார்.

புத்தகத்தைப் பார்த்து நானேதான் போட்டேன், அவருக்கு இதில் எதுவும் இல்லை என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் எரிகிறது. போகும்போது ஒரு விலாசத்தைக் கொடுத்து, எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் உன் வீட்டுக்காரர் பாடு கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாணிக்கவாசகம் பத்து நாள் கடைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார். அத்தையிடம் லீவு என்று சொல்லியிருக்கிறேன். தெருவில் ஸ்கூட்டர் நின்றால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். உங்களை ஏதாவது செய்துவிடுவார்களா? எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை. உங்களை என்ன செய்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

இளவரசி


விசாகப்பட்டினம்
8.7.2001, காலை

இளா,

இதைத் தபாலில் போடவில்லை. என்னோடு வேலை பார்க்கும் குப்புசாமி நாளை லீவில் அரக்கோணம் போகிறார். பதினோராம் தேதி நம் வீட்டுக்கு வந்து உன் கையிலேயே கொடுப்பார். படித்ததும் இதையும் எரித்துவிடு.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். கெட்டவர்கள் இல்லை, சத்தம் போடவில்லை, டீ கூடக் கொடுத்தார்கள். அந்த டம்ளரை என்னால் தூக்க முடியவில்லை. உன் பட்டியல் முழுவதையும் ஆள் வைத்துச் சரிபார்த்துவிட்டார்கள். எல்லாம் புத்தகத்தில் இருக்கும் பழைய கணக்கு, எங்கள் கப்பலைப் பற்றி ஒரு எண்கூட இல்லை என்று அவர்களே சொன்னார்கள். கப்பல் பெயரைப் போட்டதற்குக் கண்டனம், கொஞ்ச நாள் கரையில் வேலை, அதோடு விட்டுவிடலாம் என்கிற மாதிரிதான் பேச்சு போனது.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் கப்பலைப் பற்றி எப்போதாவது எழுதியிருக்கிறாயா என்றார்கள். ஒரு வரிகூட இல்லை என்றேன். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டேன்.

மார்ச் மாதக் கடிதம் உனக்கு நினைவிருக்கும். தலைக்கு மேல் ஒரு போர்க் கப்பல் சும்மா நின்றது என்று எழுதினாயே, அவன் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு நான் எழுதியதுதான் விடை. அறுபது பேர் உயிர் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. நீ அழுகிறாயே என்று எழுதிவிட்டேன். லீவில் வந்து அதை நானே எரிக்கலாம் என்றிருந்தேன். இப்போது லீவு கிடையாது. எழுதியதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. ஆனால் கையெழுத்துப் போட்டுச் சொன்னது பொய் என்று தெரிந்தால் நான் வெளியே வர மாட்டேன். இது மட்டும் நிச்சயம்.

அந்தக் கடிதத்தை இன்றைக்கே அடுப்பில் போடு. என் மற்றக் கடிதங்களையும் போடு. சாம்பலைக் கிளறிப் பார். அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் கடிதம் எதுவும் இல்லை என்று சொல்.

உன் மேல் கோபம் இல்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தேவேந்திரன்


காஞ்சிபுரம்
9.7.2001

மாமாவுக்கு,

உங்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. ஒரு வாரம் காத்திருந்தேன். இனிமேல் சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

அவர்களுக்குச் சந்தேகம் இரண்டுதான். நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பது ஒன்று. எனக்கு எதுவும் தெரியாது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்கு அதிகமாக வலித்தது, அதை மறைக்க மாட்டேன். நூற்றுப்பதினேழு எண்களையும் ஒரு வருடப் பாடத்தைப் போலப் படித்துப் போட்டவள் நான். இரண்டுக்கும் ஆதாரம் வீட்டிலேயே இருக்கிறதே என்று திடீரென்று தோன்றியது. பீரோவைத் திறந்து, இந்த வருடம் நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினேன்.

எத்தனை இடத்தில் கேட்காதே, சொல்ல மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள் தெரியுமா? ஐந்து இடத்தில். அத்தனைக்கும் கீழே நீலப் பென்சிலால் கோடு போட்டேன். என்னை எத்தனை தடவை அதட்டினீர்கள் என்று அந்தச் சிரித்த மனிதர் படித்துப் பார்க்கட்டும்.

மார்ச் இருபதாம் தேதிக் கடிதத்தில்தான் கொஞ்சம் யோசித்தேன். அதைச் சேர்க்காமல் விட்டால் எதையோ மறைத்தது போல ஆகிவிடும். கடையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிராஃப் தாளில் குத்தக் கூடாத கட்டம் இருந்தால், சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, ஏன் கூடாது என்று பக்கத்தில் எழுதி, டிசைன் போட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அட்டை குத்துகிறவர் தெரியாமல் குத்திவிடுவார். அதே மாதிரி அந்த முப்பத்தொன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். "இது என் கணவர் இப்போது வேலை பார்க்கும் கப்பலின் சரியான கணக்கு. 1942க்குப் பொருந்தாது. அதனால் நான் பயன்படுத்தவில்லை" என்று எழுதி, என் கையெழுத்தும் போட்டேன். யாரும் கவனிக்காமல் தாண்டிப் போய்விடக் கூடாது என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டும் ஒட்டினேன்.

இன்று காலை அவர்கள் கொடுத்த விலாசத்துக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். முத்திரை குத்தும்வரை கவுண்டரிலேயே நின்றேன். நாளைக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்றார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்று மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டேன் மாமா. இனி நீங்களும் பயப்பட வேண்டாம்.

இளவரசி